பாடாதவளைப் பாடினாள் என்றேன்

பதினைந்து வருடங்களுக்கு முன்பு நடந்தது. அப்போது நான் கச்சிராயபாளையத்திலிருந்து தினமும் பஸ் ஏறி, வெள்ளிமலைக்கு அப்பால் இருந்த ஓர் உண்டு உறைவிடப் பள்ளிக்குத் தமிழாசிரியராகப் போய்வந்தேன். பாடம் நடத்தும்போதே, மலையிலிருந்து இறங்கும் நாலரை மணி பஸ் மீதுதான் நினைப்பு இருக்கும்.

அந்த மழைக்காலத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி காய்ச்சலில் இறந்துபோனாள். ஜீப்பில் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது மலைப்பாதையிலேயே உயிர் போய்விட்டது. அப்பா இல்லாத பெண். அம்மா மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போயிருந்தார். தகவல் கிடைத்து அவர் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது.

நான்காம் நாள் பள்ளியில் இரங்கல் கூட்டம். நன்றாகப் பேசுவேன் என்று தலைமையாசிரியர் என்னைப் பேசச் சொன்னார். பஸ்ஸில் உட்கார்ந்தே எழுதினேன். ஆறுதல் வார்த்தைகள் தானாக வந்தன. அந்தப் பெண்ணைப் பற்றித்தான் எதுவும் வரவில்லை. கடைசியில், ஆண்டு விழாவில் தாலாட்டு பாடி எல்லோரையும் அழவைத்தது அவள்தானே என்று தோன்றியது. அதையே பெரிதாக எழுதி முடித்தேன்.

கூட்டத்தில் அந்தத் தாய் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். பாட்டைப் பற்றி நான் சொன்னதும்தான் நிமிர்ந்து பார்த்தார். அதே சமயம் பிள்ளைகள் எல்லோரும் மூன்றாம் வரிசையிலிருந்த ஒருத்தியைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாடியது அவள். இறந்தவளின் முகம் எனக்கு நினைவிலேயே இல்லை.

நிறுத்தியிருக்கலாம். கையிலிருந்ததைக் கடைசி வரை வாசித்தேன்.

கூட்டம் முடிந்ததும் அந்தம்மா என்னிடம் வந்தார். "எம்பொண்ணு பாடுமாங்க சார்? வூட்ல வாயே தொறக்காதுங்க. இன்னா பாட்டு பாடுச்சுங்க?"

கையிலிருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். பாடிய பெண் பக்கத்தில் வந்து நின்று, "தாலாட்டும்மா. நல்லா பாடுவா" என்றாள்.

"அப்ப நான் அதுக்குப் பாடுனதுதான். இத்தினி வருசமா மனசுல வச்சிக்கினு இருந்திருக்கு" என்று சொல்லி அந்தம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

அடுத்த ஆண்டு விழாவில் முன்பு பாடிய அந்தப் பெண்ணையே மறுபடியும் பாடச் சொன்னேன். "வேணாங்க சார். நான் பாடுனா அவங்கம்மாவுக்குத் தெரிஞ்சிடும்" என்றாள். அதன்பிறகு அவள் பள்ளியில் பாடவே இல்லை.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பலமுறை நினைத்தேன். சொன்னால் அந்தத் தாயிடம் மிச்சமிருப்பதும் போய்விடும். இரண்டு வருடம் என் வகுப்பில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பற்றி, அவளைப் பெற்றவளிடம் சொல்ல உண்மையான ஒரு வரிகூட என்னிடம் இல்லையே என்பதை நினைத்தால் இன்றும் என்னால் தலை நிமிர முடியவில்லை.