ஆறாம் எண்ணும் எர்த் குழியும்

ஐந்தைவிட ஆறு பெரிது, அதனால் மேலானது என்று நினைத்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. வெட்கக்கேடு.

தொண்ணூறுகளின் கடைசியில் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் என் பொறுப்பு. பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து லினக்ஸ் ஏற்றி ஒரு சர்வரை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஊரிலேயே எனக்குத்தான் இது தெரியும் என்ற திமிர் வேறு. சர்வர் எந்த நிலையில் எழ வேண்டும் என்பதை ஒரு கோப்பில் இருக்கும் ஒற்றை எண் தீர்மானிக்கும். மூன்று என்றால் வெறும் எழுத்துத் திரை. ஐந்து என்றால் படங்களோடு. ஆறு என்றால், எழுந்ததும் தன்னை அணைத்துக்கொண்டு மறுபடி எழு என்று பொருள். ஆறைப் போடாதே என்று அதே கோப்பில் எழுதியும் இருந்தது. படித்தால்தானே? ஒரு சனிக்கிழமை ஐந்தை அழித்து ஆறு போட்டுவிட்டு, சர்வரை ஓடவிட்டபடியே வீட்டுக்குப் போய்விட்டேன்.

திங்கள் காலை இடி மழையில் கரண்ட் போய் வந்தது. அதன்பிறகு சர்வர் எழும், அணையும், மறுபடி எழும். மறுநாள் மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வு. பிரின்சிபால் வந்து நின்றார்.

"எர்த் சரியில்ல போல சார்" என்றேன், மின்கசிவை மண்ணுக்குள் இறக்கும் குழியைச் சொல்லி. அப்போது உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன்.

கல்லூரிக்கு வயரிங் செய்த எலக்ட்ரீஷியன் அண்ணாச்சியை வரவழைத்தார்கள். ஐம்பது வயதிருக்கும். கட்டப்போகும் ஹாஸ்டல் வேலையும் அவருக்குத்தான் என்று பேச்சிருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "எர்த்து நல்லாத்தான் இருக்கு சார். என் கையால போட்டதுல்லா" என்றார்.

"அப்பம் மிஷினு ஏன்வே செத்துச் செத்துப் பொழைக்குது? தோண்டும்வே" என்றார் பிரின்சிபால்.

ஜன்னலுக்கு வெளியே அண்ணாச்சி தொடையளவு குழிக்குள் இறங்கியிருந்தபோதுதான் திரையில் ஓடும் வரிகளை நான் ஒழுங்காகப் படித்தேன். ஆறு என்று இருந்தது.

'நிறுத்துங்க அண்ணாச்சி, தப்பு என்னோடது' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? அதைச் சொல்வதற்குப் பதில், ஒருவர் மட்டும் நுழைந்து பழுது பார்க்கும் நிலையில் சர்வரை எழுப்பி, எண்ணை மூன்றாக மாற்றி, அணைத்து வைத்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அந்தக் கூடத்தை இடிக்கவே விட்டேன். அவர் கரியும் உப்பும் அடுக்கி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

"இப்பம் போட்டுப் பாருங்க சார்."

போட்டேன். எழுந்தது. அதன்பிறகு அணையவில்லை.

பிரின்சிபால் தட்டிக்கொடுத்தது என் முதுகை. அண்ணாச்சி சேற்றுக்காலோடு உள்ளே வரக்கூடாதென்று வாசலிலேயே நின்றார். "மன்னிச்சுக்கிடுங்க சார். ரொம்ப உறுதியாச் சொல்லிட்டேன். எங்கன தப்பு விட்டேன்னே தெரியல."

"பரவால்ல அண்ணாச்சி" என்றேன். நான் அவரை மன்னித்திருக்கிறேன், பாருங்கள்.

இரண்டு மாதம் கழித்து ஹாஸ்டல் வேலை தொடங்கியது. வேறு யாரோ வயர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். பஸ் ஸ்டாப்பில் அண்ணாச்சியைப் பார்த்துக் கேட்டேன்.

"பிரின்சிபால் கூப்பிட்டாவ. நான்தான் வேண்டாம்னுட்டேன். பிள்ளைகள்லாம் படுத்து உறங்குத இடம் சார். என் கைமேல எனக்கே இப்பம் நம்பிக்கை இல்ல."

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"அதுவும் சரிதான் அண்ணாச்சி" என்றேன்.