சொம்பு இருந்த பக்கம்

இது நடந்தது. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள், யாரும் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. ஆனால் செங்கல்பட்டு மேலமையூர் பக்கம் போகிற வேலை இருந்தால், பார்த்திபனின் வலது கையை ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள். அதற்கப்புறம் என்னோடு சண்டைக்கு வரலாம்.

அந்தக் கைதான் அவனுக்குச் சோறு போட்டது. மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பிரஸ் ஓட்டினான். தகட்டை உள்ளே வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், மேலிருந்து இரும்பு இறங்கி ஒரே அடி. எப்போதும் இரவு ஷிஃப்ட். காலையில் கம்பெனி பஸ் ராட்டினங்கிணறு நிறுத்தத்தில் இறக்கிவிடும். வீட்டுக்கு வந்து நாலு இட்லியை உள்ளே தள்ளிவிட்டுப் படுத்தால் சாயங்காலம் வரை தூங்கியாக வேண்டும். பேய் என்றால் நடுராத்திரிதான் என்று எண்ணியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இது முழுக்க முழுக்கப் பட்டப்பகலில், கத்திரி வெயிலில் நடந்தது.

சூப்பர்வைசர் தர்மராஜ் தினமும் ஒரே பாட்டுதான் பாடுவார். "தூக்கம் கெட்டவன் கை மெஷினுக்குத்தான்டா. பத்து விரலோட வூட்டுக்குப் போவணும்னா ஒழுங்கா தூங்கிட்டு வா."

பார்த்திபனுக்கு இடுப்பு வலி வேறு. பழைய இலவம்பஞ்சு மெத்தை கட்டி கட்டியாகிக் கிடந்தது. ஒருநாள் அவன் மனைவி பூங்கொடியின் அண்ணன் ஜெயக்குமார் தன் லோடு ஆட்டோவிலிருந்து எதையோ பாய் மாதிரி சுருட்டித் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தான்.

"இன்னா மச்சான் இது?"

"டாப்பரு மாப்ள. மெத்தை மேல விரிச்சிக்கணும். மாமல்லபுரத்துல ஒரு ரிசார்ட்டுல மாத்துறாங்கோ. வெள்ளக்காரன் படுத்த மாலு. அமுக்கிப் பாரு, எப்டி கீது!"

பார்த்திபன் அமுக்கிப் பார்த்தான். நாலு விரல் தடிமன் ஃபோம், கை உள்ளே போய் மெதுவாக மேலே வந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு மஞ்சள் கறை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா? பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

முதல் நாள் நன்றாகத்தான் தூங்கினான். விழித்தபோது வலது தோளும் கையும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. டாப்பர் அவனையும் சுமந்துகொண்டு ஒரு முழம் வலப்பக்கம் சறுக்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் கீழே விழுந்திருப்பான்.

"தூக்கத்துலயும் பிரஸ் ஓட்றியா?" என்று பூங்கொடி சிரித்தாள். அவனும் சிரித்தான்.

மறுநாளும் சறுக்கியது. அதற்கடுத்த நாளும்.

வழவழப்பான உறையைக் குற்றம் சொல்லி முரட்டுப் பருத்தி விரிப்பு போட்டார்கள். கேட்கவில்லை. அலமாரியில் பாத்திரம் நழுவாமல் இருக்கப் போடும் ரப்பர் விரிப்பை வாங்கி நடுவில் வைத்தார்கள். அது இருந்த இடத்திலேயே இருந்தது, டாப்பர் மட்டும் போனது. பூங்கொடி தையல் தெரிந்தவள். நாலு மூலையிலும் அகல எலாஸ்டிக் தைத்து மெத்தைக்கு அடியில் மாட்டிவிட்டாள். அன்று மத்தியானம் பட் பட்டென்று இரண்டு சத்தம். நாலில் இரண்டு எலாஸ்டிக் அறுந்து தொங்கின.

பார்த்திபனுக்கு வந்ததெல்லாம் கோபம்தான். பயம் இன்னும் வரவில்லை. பயம் முதலில் வந்தது பூங்கொடிக்கு.

கட்டிலுக்கு வலப்பக்கம் ஒரு ஸ்டூல். அதில் அவனுக்காக ஒரு சொம்புத் தண்ணீரும் டம்ளரும் வைப்பாள். ஒருநாள் பெருக்கும்போது ஸ்டூலை இடப்பக்கம் நகர்த்தியவள் திருப்பி வைக்க மறந்துவிட்டாள். அன்று டாப்பர் இடப்பக்கம் சறுக்கியது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் வேண்டுமென்றே ஸ்டூலைக் கால்மாட்டில் வைத்துவிட்டு, கதவோரம் உட்கார்ந்து பிளவுசுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

சர்ர்...

நிமிர்ந்தாள். பார்த்திபன் அசையாமல் மல்லாந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவன் கால்கள் முட்டி வரைக்கும் கட்டிலுக்கு வெளியே வந்திருந்தன.

சாயங்காலம் சொன்னாள். "சொம்பு எங்க கீதோ அங்கதான் போவுது. அதுக்குத் தாகமோ இன்னாவோ."

"மெத்தைக்குத் தாகமா? போடி, நீ வேற பேஜாரு பண்ணாத!"

அன்று இரவு பிரஸ்ஸின் முன்னால் அவனுக்குக் கண் சொக்கியது. தகட்டை வைத்த கை உள்ளேயே இருந்தது. தர்மராஜ் பின்னாலிருந்து சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். இரும்பு வெறும் தகட்டின் மேல் இறங்கியது. "இன்னொரு வாட்டி இப்டி பார்த்தேன், உன்ன மெஷின் கிட்ட சேர்க்க மாட்டேன்" என்றார். பார்த்திபன் விடியும் வரை முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டே வேலை பார்த்தான்.

காலையில் வந்ததும் மச்சானுக்கு போன் போட்டான். ஜெயக்குமார் அரை மணி நேரத்தில் நீலநிற பெல்ட் இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தான். கொக்கியை இழுத்தால் கடகடவென்று இறுகும் முரட்டு பெல்ட். "லோடு கட்றது மாப்ள. ஆனையக்கூட அசையவிடாது." சவாரி இருக்கிறதென்று உடனே கிளம்பியும் விட்டான்.

டாப்பருக்கு மேலே தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று. கட்டிலுக்கு அடியில் சுற்றி வாங்கி, கொக்கியைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினான். தலைமாட்டு பெல்ட்டின் அடிப்பக்கம் ஓரிடத்தில் நூல் நூலாகப் பிய்ந்திருந்தது. எலி பிராண்டியிருக்கும் என்று விட்டுவிட்டான்.

அப்புறம் அந்தச் சொம்பைத் தூக்கினான். கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்தான்.

"இப்ப எங்க போவுதுன்னு பாக்கறேன்."

"வேணாங்க," என்றாள் பூங்கொடி. "தண்ணி அங்கயே கெடக்கட்டும். பாவமா கீது."

"யாருக்குடி பாவம்?"

அன்று கிருத்திகை. திருப்போரூர் கோயிலுக்குப் புறப்பட்டுப் போய்விட்டாள்.

டாப்பர் அசையவில்லை. ஒரு அங்குலம்கூட நகரவில்லை. பல நாளைக்குப் பிறகு பார்த்திபன் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினான்.

விழித்தது தாகத்தில். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு பத்து. மின்விசிறி நின்றிருந்தது. கரண்ட் போயிருக்கும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

எழுந்திருக்கப் பார்த்தான்.

முடியவில்லை.

நெஞ்சுக்குக் குறுக்கே ஏதோ இறுக்கியது. தலையைத் தூக்கிப் பார்த்தான். பெல்ட் டாப்பரின் மேல், அவனுக்கு அடியில், கட்டிய இடத்திலேயே இருந்தது. நெஞ்சின் மேல் எதுவும் இல்லை.

எதுவும் இல்லை... ஆனால் மூச்சு பாதிக்கு மேல் போகவில்லை.

தெருவில் ஐஸ் வண்டி மணி கேட்டது. கீழ்வீட்டில் குக்கர் விசில் அடித்தது. கத்தினான். வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

நற... நற... நற...

முதுகுக்குக் கீழே. ஃபோமுக்கு உள்ளே. யாரோ நகத்தால் பிராண்டினார்கள். அவசரமே இல்லாமல்.

தலையைத் திருப்பினான். ஸ்டூல் வலப்பக்கம் இருந்தது.

அதன் மேல் சொம்பு.

சமையலறையில் வைத்த சொம்பு. நிறையத் தண்ணீர். வெளியே முத்து முத்தாக வியர்த்திருந்தது.

வலது கையை நீட்டினான். அது மட்டும் நீண்டது. விரலை வளைத்தான். இன்னும் கொஞ்சம். நாலு விரற்கடை...

எட்டவில்லை.

"தண்ணி..."

அவன் சொல்லவில்லை.

காதுக்குப் பக்கத்தில். அதே தலையணையில்.

"தண்ணி..."

பெல்ட் கடகடவென்று இறுகியது.

பூங்கொடி ஆறு மணிக்கு வந்தாள். அவன் கண் திறந்தபடி கிடந்தான். உதடு வெடித்திருந்தது. அழுது அழுது கண்ணீர் காதுப்பக்கம் உப்பாகக் காய்ந்திருந்தது. பெல்ட் காலையில் கட்டியபடியே இருந்தது. ஸ்டூலின் மேல் ஒன்றுமே இல்லை. சமையலறைக்கு ஓடி அதே சொம்பை எடுத்து வந்து வாயில் ஊற்றினாள். மூன்று சொம்பு குடித்தான். கை, கால், பேச்சு எல்லாம் வந்தன. நீட்டிய வலது கை மட்டும் வரவில்லை.

விரல்கள் வளைந்தது வளைந்தபடி நின்றுவிட்டன. மடங்கவும் இல்லை, நீளவும் இல்லை. முழங்கையும் விறைத்துக்கொண்டது. ஸ்கேன் எடுத்தார்கள், நரம்பு டாக்டரிடம் காட்டினார்கள், திருப்போரூரில் மந்திரித்துக் கயிறும் கட்டினார்கள். நரம்பில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோளாறு இல்லாத கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கம்பெனி வேறு ஆளைப் போட்டுவிட்டது. பிரஸ்ஸுக்குத் தப்பித்த கை மெத்தைக்குப் போனது.

ஜெயக்குமார் பார்க்க வந்தான். ஆரஞ்சுப் பழப் பையோடு உள்ளே வந்தவன் அந்தக் கையைப் பார்த்தான். பை கீழே விழுந்தது. பழங்கள் உருண்டு கட்டிலுக்கு அடியில் போயின. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணே, இன்னாண்ணே?" என்றாள் பூங்கொடி.

"அது ரிசார்ட்டு மாலு இல்லம்மா..."

கல்பாக்கம் பக்கம் புதுப்பட்டினத்தில் ஒரு வீடு. ஞானம்பாள் என்று ஒரு அம்மா, பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடந்து செத்துப்போனாள். செத்தவர் படுத்த படுக்கையைப் பாடை கிளம்புமுன் எடுத்துப்போய் முச்சந்தியில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். அந்த வேலைக்குத்தான் ஜெயக்குமாரின் ஆட்டோவைக் கூப்பிட்டிருந்தார்கள். அவன் முச்சந்தி வரைக்கும் போனான். கிட்டத்தட்டப் புது டாப்பர், வீணாகப் போகிறதே என்று திரும்பிப் பார்த்தான்.

"டாப்பரு சறுக்கிக்கினே இருக்குமாம். அந்தம்மா வியுந்துடப் போவுதுன்னு, அவங்களயும் டாப்பரையும் சேர்த்து வச்சு பெல்ட்டு போட்டு இறுக்கிட்டு, மவனும் மருமவளும் கல்யாணத்துக்குப் போயிருக்காங்கோ. ஒரு நாள்ல வர்றேன்னு போனவங்க மூணு நாளு கயிச்சு வந்தாங்கோ. பக்கத்துல ஸ்டூல் மேல சொம்புல தண்ணி வச்சுட்டுத்தான் போனாங்கோ. ஆனா..."

"எட்டல," என்றான் பார்த்திபன்.

ஜெயக்குமார் தலையை ஆட்டினான்.

"அந்த பெல்ட்டு?" என்று பூங்கொடி கேட்டாள்.

"அதுவும் அங்கேர்ந்துதான். நான்தான் அவுத்தேன்." அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். "அந்தம்மா வலது கை இப்டித்தான் நீட்டிக்கினு இருந்துச்சு. விரல மடக்கப் பாத்தோம், முடியல. அப்டியேதான் கொண்ட்டு போய் எரிச்சாங்கோ."

பூங்கொடி சமையலறைக்குப் போனாள். ஒரு டம்ளரில் தண்ணீர் மொண்டு வந்து, புருஷனின் வளைந்த விரல்களுக்குள் மெதுவாக வைத்தாள்.

கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

வாய்க்குக் கொண்டுபோகத்தான் அந்தக் கைக்கு முடியவில்லை.