‘சாலே’ என்றால் உப்பு

நான் வேலை செய்யும் தோட்டத்தில் மண்ணுக்கென்று ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கிறது. இத்தாலியின் டஸ்கனிக் கரையோரம், ஒரே குடும்பத்தின் கையில் பல நூறு வருடங்களாக இருந்துவரும் திராட்சைத் தோட்டம் இது. வைன் வாங்க வரும் விருந்தினரை முதலில் அந்த அலுமாரியின் முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்துவார்கள். மேட்டுக் களிமண், நடுச்சரிவின் சுண்ணாம்புக் கல், கடற்பக்கத்து மணல் என்று மூன்றும் அதற்குள் அடுக்கடுக்காய் இருக்கும். ஒரே கொடியை மூன்று மண்ணிலும் நட்டால் மூன்று ருசி வரும் என்று வழிகாட்டி சொல்வார். மண்ணும் காற்றும் வெயிலும் சேர்ந்து பழத்துக்குக் கொடுக்கும் அந்தக் குணத்துக்கு ‘தெர்ருவார்’ என்று பெயராம். ஆட்கள் மண்ணைப் படம் பிடிப்பார்கள். என் ஊரான ஆலங்குடாவில் எங்கள் காணி மண்ணை ஒருவரும் படம் பிடித்ததில்லை. காற்றாடி கட்டிக் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்கள் அதைக் காலிலிருந்து தட்டிவிட்டுத்தான் ஹோட்டலுக்குள் போவார்கள்.

வைன் தோட்டத்தில் ஒரு முஸ்லிமுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. என் மச்சானும் அதைத்தான் கேட்டார். வந்த முதல் நாளே, தோட்டத்தின் விவசாய அலுவலரான எலேனாவிடம், நிலவறைக்குள் இறங்க மாட்டேன், பீப்பாயைத் தொட மாட்டேன், கொடியும் மண்ணும் மட்டும்தான் என்று கையாலும் அரைகுறை இத்தாலிய மொழியாலும் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு தாளில் எழுதிக்கொண்டார். அதற்கு மேல் உள்ளது எனக்கும் என்னைப் படைத்தவனுக்கும் இடையிலானது. ஒவ்வொரு தொழுகையிலும் அவனிடம் அதைப் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சென்ற கோடையில் மழையே இல்லை. இங்கே பழைய கொடிகளுக்குத் தண்ணீர் விடுவதில்லை. தாகத்தில் வேர் ஆழமாய் இறங்கினால்தான் பழம் நன்றாக வரும் என்பார்கள். ஆனால் கடற்பக்கத்து மணலில் புதிதாக நட்ட இளங்கொடிகள் வாடத் தொடங்கின. எங்கள் மேற்பார்வையாளர் புரூனோ, கால்வாய் ஓரத்துக் கிணற்றிலிருந்து குழாய் போட்டுச் சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் விடச் சொன்னார். வால்வைத் திறப்பது என் வேலை. இரண்டு வாரம் போன பிறகு இலைகளைப் பார்த்தேன். நரம்பெல்லாம் பச்சையாக இருக்க, ஓரம் மட்டும் தீயில் வாட்டியதுபோல் கருகியிருந்தது. குழாயைக் கழற்றி, ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

அந்த ருசியை எனக்குத் தெரியும்.

ஆலங்குடாவில் எங்கள் காணியிலிருந்து பார்த்தால் கடல் தெரியும். வெறும் மணல்தான், ஆனாலும் வெங்காயம் அள்ளி அள்ளித் தந்தது. அந்த மணலுக்கடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் எண்ணெய்போல மிதந்துகொண்டிருக்கிறது. அளவாய் எடுத்தால் தரும், அடிவரை உறிஞ்சினால் கடல் மேலே வந்துவிடும். இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் இன்னும் இரண்டு துண்டு காணியைச் சேர்த்துச் செய்ய ஆசைப்பட்டு, பழைய மோட்டரைக் கழற்றிவிட்டுப் பெரியதொன்றைப் பூட்டினேன். முதலில் கண்டுபிடித்தவள் என் மனைவி பரீனா.

“இந்தத் தேத்தண்ணியக் குடிச்சுப் பாருங்க. சவர்க்குது.”

“சீனிக்குப் பதிலா உப்பப் போட்டிருப்பீங்க” என்றேன்.

“நான் என்ன சின்னப் புள்ளயா? தண்ணிதான் உப்பு. மோட்டர நிப்பாட்டுங்க.”

நான் நிறுத்தவில்லை. வெங்காயத் தாளின் நுனி கருகியபோது, தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் கூட விட்டேன். அந்தப் போகம் முழுவதும் போனது. அடுத்த போகம் முளைக்கவே இல்லை. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் வேலை தேடி அலைந்தேன், சரிவரவில்லை. கடைசியில் சிலாபத்து நண்பன் ஒருவனின் வழியாக இத்தாலிக்கு வந்தேன். புறப்படும்போது பரீனா என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதனால்தான் அன்று கருகிய இலையைக் கையில் பிடித்துக்கொண்டு புரூனோவிடம் ஓடினேன். “அக்வா… சாலே! சாலே!” என்று கிணற்றைக் காட்டினேன். அக்வா என்றால் தண்ணீர், சாலே என்றால் உப்பு. கடையில் உப்புப் பையில் எழுதியிருப்பதைப் படித்து நான் கற்ற சொல் அது.

புரூனோவின் முகம் மலர்ந்தது. “சாலே? பேனே, பேனே!” என்று என் தோளைத் தட்டிவிட்டு, வால்வை இன்னும் அகலமாகத் திறந்தார்.

பேனே என்றால் நல்லது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உப்பு என்று சொன்னால் ஏன் இந்த மனிதர் சந்தோசப்படுகிறார்? அதே சொல்லுக்கு இத்தாலிய மொழியில் ‘மேலே ஏறுகிறது’ என்றும் பொருள் உண்டு என்பதைப் பிறகுதான் அறிந்தேன். கிணற்றில் தண்ணீர் மட்டம் ஏறுகிறது என்ற நல்ல செய்தியோடு நான் ஓடி வந்ததாக அவர் நினைத்திருக்கிறார்.

நான் வால்வை மூடினேன். அவர் திறந்தார். நான் மறுபடியும் மூடிவிட்டு அதன் முன்னால் நின்றுகொண்டேன். புரூனோ கெட்டவரல்ல. அந்தக் கொடிகளைத் தன் கையால் நட்டவர், அவை சாவதைக் கண்டு பதறிக்கொண்டிருந்தவர். தாகத்தில் வாடும் செடிக்கு நான் தண்ணீரைத் தடுக்கிறேன் என்றுதான் அவருக்குத் தெரிந்தது. முகம் சிவந்து, வாசலைக் காட்டிக் கத்தினார். நாளைக்கு வராதே என்பது மட்டும் எனக்கு விளங்கியது. என் ஒப்பந்தம் முடிய அப்போது ஒரு மாதம்தான் இருந்தது. வேலை போனால் விசாவும் சிக்கலாகும். ஆனால் ஒரு தடவை இலை கருகியதைப் பார்த்துக்கொண்டு மோட்டரை ஓடவிட்டவன் நான். இரண்டாம் தடவையும் அதையே செய்தால் எந்த முகத்தோடு ஊருக்குப் போவேன்?

போத்தலில் அந்தத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, மேட்டிலிருக்கும் அலுவலகத்துக்கு வெயிலில் நடந்தே போனேன். எலேனாவின் மேசையில் ஒரு கோப்பையை வைத்து, தண்ணீரை ஊற்றி, குடியுங்கள் என்று சைகை செய்தேன். அவர் என்னைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார். பிறகு ஒரு வாய் குடித்தார்.

மேசை லாச்சியைத் திறந்து, உப்பை அளக்கும் பேனை போன்ற ஒரு கருவியை எடுத்துக் கோப்பைக்குள் வைத்தார். இலக்கம் ஓடி ஓடி ஒரு இடத்தில் நின்றது. அவர் முகம் மாறியது.

“சலாத்தா” என்றார் மெதுவாக. உப்பானது. இந்தச் சொல்தான் எனக்குத் தேவைப்பட்டிருந்தது.

“சீ, சலாத்தா” என்றேன். சீ என்றால் ஓம், ஆமாம் என்று பொருள்.

அன்று பின்னேரமே அந்தக் கிணற்றின் குழாயைக் கழற்றி மூடி போட்டார்கள். மேட்டுக் கிணற்றிலிருந்து பவுசர் வண்டியில் நல்ல தண்ணீர் வந்தது. ஆனாலும் கால்வாயை ஒட்டிய இரண்டு வரிசை பிழைக்கவில்லை. புரூனோவும் நானும்தான் அவற்றைப் பிடுங்கினோம். மற்றவை மழைக்குப் பிறகு துளிர்த்தன. என் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள்.

அறுவடை முடிந்த அன்று, புரூனோ ஒரு பழைய போத்தலைத் துணியால் துடைத்து என் கையில் தந்தார். இந்தத் தோட்டத்தின் வைன்களில் அது உயர்ந்த வகை என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்றதும் அவர் முகம் வாடியது. நான் இன்னும் கோபமாக இருக்கிறேன் என்று எண்ணிவிட்டார். எலேனா வந்து அவருக்கு விளக்க வேண்டியிருந்தது.

“அப்படியென்றால் வேறென்ன வேண்டும் உனக்கு?” என்று கேட்டார் எலேனா.

நான் யோசிக்கவே இல்லை. “அந்தப் பேனை.”

ஊருக்குப் போன ஒருவரிடம் அதைப் பரீனாவுக்குக் கொடுத்தனுப்பினேன். நான் வந்த பிறகு அவள் பெரிய மோட்டரை விற்றுவிட்டு, சில வருடங்கள் காணியைச் சும்மா போட்டு, இப்போது ஒரு மூலையில் மிளகாய் செய்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்ததும் வீடியோவில் பேசுவேன். அவள் வாளியில் பேனையை வைத்து இலக்கத்தை வாசிப்பாள். போன கிழமை அது கொஞ்சம் குறைந்திருந்தது. அவள் சிரித்தாள். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அந்தக் காணியில் நின்று அவள் சிரித்ததைப் பார்த்தேன்.

“நம்மட கெணறு இவ்வளவு காட்டுது” என்றாள். “உங்கட கெணறு எப்பிடி இருக்கு?”

“எந்தக் கிணறு?” என்று கேட்டேன்.

“என்ன கதை இது? நீங்க மூடின கெணறுதான்.”

அது யாரோ ஒருவருடைய கிணறு என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அன்று காலையில்தான் எலேனாவோடு போய் அவருடைய புதுப் பேனையால் அதை அளந்திருந்தேன், சென்ற மாதத்தைவிட உப்பு இறங்கியிருந்தது. அந்தச் சந்தோசத்தோடுதான் பள்ளிவாசலுக்கே போயிருந்தேன். பரீனா வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து என் பதிலுக்குக் காத்திருந்தாள்.

“நல்லாகிட்டு வருது” என்றேன்.