ஏழாம் நம்பர் தூண்

போன மாதம், ஒரு வியாழக்கிழமை. மத்தியானம் மூன்று மணி இருக்கும். நல்ல வெயில். இருபது பேர், ஒருவர் பின் ஒருவராக, வலது கையைத் தூக்கித் தலைமேல் வைத்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

இருபத்தியோராவது கை என்னுடையது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பெங்களூர் ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் ஒரு பழைய தொழிற்சாலை. தகடு அடிக்கும் பிரஸ் மெஷின்கள் வரிசையாக நின்ற கொட்டகை. எங்கள் தெருவில் பாதிப் பேருக்குச் சோறு போட்டது அதுதான். காதை எடுத்துக்கொண்டதும் அதுதான். என் அப்பாவின் காதையும். பிறகு மூடிவிட்டார்கள். பல வருடம் புறாக்கள் மட்டும் ஷிப்ட் பார்த்தன.

இப்போது அதே கொட்டகையில் சோலார் பேனல் செய்கிறார்கள். தரைக்குப் பச்சை பெயின்ட். வாசலில் 'பசுமை வேலைவாய்ப்பு' என்று ஒரு போர்டு.

நான் அங்கே டிரெய்னர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான்; எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ வரை போனேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. ஐடி கார்டு மாட்டிக்கொண்டு தெருவில் போகும்போது கொஞ்சம் மெதுவாகத்தான் நடப்பேன்... எல்லோரும் பார்க்க வேண்டாமா?

கம்பெனி ஒரு நிபந்தனை போட்டிருந்தது. உள்ளூர் ஆட்கள் இருபது பேர், மூன்று வாரம் டிரையல். தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் இருபது பேரும் வீட்டுக்கு. வெளியூரிலிருந்து ஏற்கெனவே பழகிய ஆட்கள் வருவார்கள். மார்க் போடுவது நான்.

இருபது பேரும் பழைய பிரஸ் தொழிலாளிகள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். கையில் வேகம், வேலையில் சுத்தம். ஒரே ஒரு பிரச்சினை — பேசவே மாட்டார்கள்.

பிரஸ் சத்தத்தில் பேச்சு எடுபடாது. அதனால் அந்தக் காலத்தில் கையாலேயே பேசியிருக்கிறார்கள். தகடு கொடு, தண்ணீர் வேண்டும், சூப்பர்வைசர் வருகிறான் — ஒவ்வொன்றுக்கும் ஓர் அசைவு. காது போன பிறகு வீட்டிலும் அதே பேச்சு. பிள்ளைகளும் அதிலேயே வளர்ந்தார்கள். புது மெஷின்கள் பூனை மாதிரி உறுமுவதோடு சரி. பழக்கம் மட்டும் போகவில்லை.

அத்தனை பெரிய கொட்டகையில், காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு வார்த்தை இல்லை. கைகள் எழும், மடங்கும், இறங்கும். என் முதுகுக்குப் பின்னால் யாரோ பேசுவது மாதிரியே இருக்கும். திரும்பிப் பார்த்தால்... எல்லாக் கையும் வேலையில் இருக்கும்.

மேனேஜர் கிரீஷ் முதல் நாளே மிரண்டுவிட்டார். கன்னடக்காரர், தமிழ் பேசுவார். "ஏன் மேடம், யாருமே மாத்தாடல்லவா, பேச மாட்டாங்களா? ஊமைப் படம் மாதிரி இருக்கே! பயம் ஆகுது மேடம்."

"வாயைத் திறந்து பேசவும்" என்று சுவரில் காகிதம் ஒட்டினேன். வரிசையின் தொடக்கத்தில், மெயின் சுவிட்ச் பக்கத்தில் நிற்பவர் செல்வி அக்கா. எங்கள் எதிர்வீட்டுக்காரர். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இன்னா மேடம், உனக்கே புரியலியா? உங்கப்பா கையாலதானே உன்னை சோறு துண்ணக் கூப்புட்டாரு?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா."

பொய். எழுத்து வருவதற்கு முன்பே எனக்கு அந்தப் பேச்சு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கையை ஆட்டிப் பேசியதற்கு 'குரங்கு' என்றார்கள். அன்று மடக்கிய கை. அப்பாவிடம்கூட அதன்பிறகு கத்தித்தான் பேசுவேன் — அவருக்குக் கேட்காது என்று தெரிந்தும்.

மார்க் ஷீட்டில் 'தகவல் பரிமாற்றம்' என்று ஒரு கட்டம். இருபது பேருக்கும் பூஜ்யம் போட்டேன். அந்த ஒரு கட்டம் போதும், அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்ப. தெரிந்தேதான் போட்டேன். படித்தவள் நேர்மையாக இருக்க வேண்டாமா? வியாழக்கிழமை சாயங்காலம் அதை அனுப்பியாக வேண்டும்.

மூன்று மணிக்கு அது நடந்தது.

வரிசையின் கடைசியில் நந்தினி. பத்தொன்பது வயது. அவளுக்குப் பின்னால், கண்ணாடித் தகடுகளைச் சூட்டு அடுப்புக்குள் இழுத்துப் போகும் உருளைகள். அவளுக்கு எதிரே ஒரு தூண். பழைய மெஷின் நம்பர் பெயின்டுக்கு அடியில் இன்னும் தெரியும்: 7. அந்தப் பக்கம் யாருக்கும் வேலை கிடையாது.

நந்தினி கையைத் தலைமேல் வைத்தாள்.

பிரஸ் ஆட்களின் பேச்சில் அதற்கு ஒரே அர்த்தம்: நிறுத்து, உள்ளே ஆள் மாட்டியிருக்கிறது. பார்த்தவர் ஏன் என்று கேட்கக் கூடாது. தானும் தலையில் கை வைக்க வேண்டும், சேதி சுவிட்ச் வரைக்கும் போக. பக்கத்து ஆள் வைத்தார். அடுத்தவர். அதற்கடுத்தவர். என் கையும் என்னைக் கேட்காமலேயே மேலே போயிருந்தது. செல்வி அக்கா சுவிட்சை அடித்தார்.

உருளைகள் நின்றன. அப்போதுதான் பார்த்தோம். நந்தினியின் ஏப்ரன் நாடா பின்னால் உருளையில் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு சாண் தளர்வுதான் பாக்கி.

நாடாவைக் கத்தரித்து அவளை வெளியே இழுத்தோம். செல்வி அக்கா சுவிட்ச் பக்கமிருந்து வந்தார். "ஏண்டி, கைய வெச்சிக்கினு மரம் மாதிரி நிக்கிறே? நாடா மாட்டுனா அவுத்துப் போட்டுட்டு ஓடியாற மாட்டே?"

"எந்த நாடா?" என்றாள் நந்தினி.

"அப்ப எதுக்குடி தலைல கைய வெச்சே?"

"தூண் கிட்ட அந்த அண்ணன் வெச்சாருல்ல? பாத்தா வெக்கணும்ல? அதான்..."

எல்லோரும் தூணைப் பார்த்தோம்.

"எந்த அண்ணன்?" மெஷின் நின்றதைப் பார்த்து ஓடிவந்திருந்த கிரீஷின் குரல் இறங்கிவிட்டது.

"காக்கிச் சட்டை சார். ஒரு கை மேல இருந்துச்சி. இன்னொரு கை..." அவள் தூணைத் திரும்பிப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் இருபது பூஜ்யங்களையும் அழித்தேன். அந்தக் கட்டத்தில் இருபது பேருக்கும் முழு மார்க். விபத்துப் படிவத்தில் 'முதலில் எச்சரித்தவர் பெயர்' என்று கேட்டிருந்தது. நந்தினி என்று எழுதினேன். என் தோளுக்குப் பின்னாலிருந்து செல்வி அக்கா படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"அவ ரெண்டாவது ஆளு மேடம்" என்றார்.

வீட்டுக்குப் போய் அப்பா முன்னால் உட்கார்ந்தேன். பல வருடம் கழித்துக் கையால் பேசினேன். தடுமாறித்தான் பேசினேன். முதலில் அவர் என்னைப் பார்க்கவில்லை, என் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாம் நம்பர் மெஷினில் யாருப்பா இருந்தது?

அப்பா ஏழு விரலைக் காட்டினார். இடது கையை முஷ்டியாக்கித் தொடைக்கு அடியில் அழுத்திக்கொண்டார். வலது கையைத் தலைமேல் வைத்தார். பிறகு இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார்.

அப்பா சொன்னது இதுதான்: ஒரு கை மாட்டியதும் அவன் மறு கையைத் தலைமேல் வைத்தான். நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

வெகுநேரம் அப்பா கையை இறக்கவில்லை.

இருபது பேருக்கும் வேலை நிரந்தரமாகிவிட்டது. ஏப்ரனில் இப்போது நாடா கிடையாது, பட்டன்தான். நான் கேட்டபடி ஏழாம் நம்பர் தூணிலும் ஒரு சிவப்பு ஸ்டாப் சுவிட்ச் வைத்துவிட்டார்கள். "அங்கே யாரு மேடம் நிக்கப் போறாங்க?" என்று கிரீஷ் கேட்கவில்லை.

பேய், பிசாசு என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. படித்தவள். ஆனால் கண்ணாடித் தூசி அந்தக் கொட்டகையில் எல்லா சுவிட்ச் மேலும் படியும். காலையில் ஒவ்வொன்றாகத் துடைப்பது என் வேலை...

ஏழாம் நம்பரை மட்டும் இதுவரை நான் துடைக்க வேண்டியிருக்கவில்லை.