புது நேரத்துக்கு வராத விளக்கு

சின்னா,

இன்றிலிருந்து நாட்டு நேரத்தை அரை மணி முன்னால் தள்ளிவிட்டார்கள். தோட்டத்து லயத்தில் எல்லாரும் கடிகாரத்தைத் திருப்பிவிட்டார்கள்.

நம் வீட்டில் ஒன்று மட்டும் திரும்பவில்லை. அம்மா நான் இருட்டில் சுவிட்சைத் தடவக் கூடாது என்று, துரை பங்களாவில் கழித்துப் போட்ட டைமரைக் கொண்டுவந்து விளக்குக்கும் ரேடியோவுக்கும் மாட்டினாயே, அதுதான். ஆறரைக்கு இரண்டும் தானாக வரும்.

இன்று ஏழு மணிக்கு வந்தன. ரேடியோ வாய் திறப்பதற்குள் ஆறரைச் செய்தி முடிந்துவிட்டது.

பக்கத்து வீட்டு பாப்பாத்தி அக்கா எட்டிப் பார்த்தார்.

"என்னாடி, கவர்மெண்டு சொன்னது ஒன் வீட்டு லைட்டுக்கு மட்டும் கேக்கலையா? திருப்பி வையேன்லா."

"சின்னான் வச்சதுக்கா."

"அவனப் பொதச்சு மூணு மாசமாச்சு. நேரம் நிக்குமா?"

ஸ்டூல் போட்டு ஏறினேன். நீ பென்சிலில் போட்ட கோட்டிலேயே முள் நின்றது. விரலை வைத்தேன், எடுத்துவிட்டேன். திருப்பிவிட்டால், நீ வைத்தபடி இருப்பது என்று வீட்டில் வேறொன்றும் இல்லை.

வெளியே பார்த்தால், இருட்டும் பழைய நேரத்துக்குத்தான் வந்திருக்கிறது.

திருப்பட்டுமா, இல்லை செய்தி கேட்காமலே இருந்துவிடட்டுமா?