வரிக்காக வாங்கிய வீடு

எங்கள் மலையூர் பஜாரில் கம்பளியும் மழைக்கோட்டும் விற்ற பாய்க்கு அடுத்த கடை என்னுடையது. வத்தலக்குண்டில் அவருடைய அப்பா விட்டுப்போன மனை நல்ல விலைக்குப் போனபோது, ஆடிட்டரிடம் நானும் உடன் போயிருந்தேன். அந்தப் பணத்தை இரண்டு வருடத்துக்குள் ஒரு வீட்டில் போட்டால் லாபத்துக்கு வரி இல்லை என்றார்.

அப்போது மலையில் வீடு வாங்கியவர்கள் பலர் அந்தக் கெடுவோடு வந்தவர்கள்தான். வில்பட்டிச் சரிவில் காரை விட்டு இறங்காமலே பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்தார்கள். விலை ஏறிக்கொண்டே போனது. பாய் கெடு முடிகிற மாதத்தில் ஒன்றை வாங்கினார். பட்டா பார்த்தோம், வில்லங்கம் பார்த்தோம். குழாயைத் திறந்து பார்க்கவில்லை. குடியிருக்கிற வீடாக அதை நாங்கள் நினைக்கவே இல்லை.

பிறகு வரி விகிதம் குறைந்தது. வீடு தேடி அலைவதற்கு வரியையே கட்டிவிடலாம் என்று கீழே இருப்பவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். விலை இறங்கியது. அந்த அவசரப் பதிவுகளைப் பார்த்து, பத்திரத்துக்கு அரசு ஏற்றி வைத்த வழிகாட்டி மதிப்பு மட்டும் இறங்கவில்லை.

இந்த வருடம் பாயின் கடைக் கட்டடத்தை உரிமையாளர் விற்க முடிவு செய்தார். பாய் வாங்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் காலி செய்ய வேண்டும். சரிவு வீடு விற்றால்தான் கடை நிற்கும். மதுரையிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார்.

"வீடு புடிச்சிருக்கு பாய். ஆனா கவர்மெண்டு மதிப்புக்குத்தான் ஸ்டாம்பு கட்டணுமாம்ல. அதுக்கு நீங்க கொறைச்சுக் குடுக்குற காசையும் என் வருமானம்னு சொல்லி எங்கிட்ட வேற வரி கேப்பாங்களாம்."

"எனக்கு மட்டும் என்னங்க? நட்டத்துக்கு வித்துட்டு, அந்த மதிப்புக்கு வித்ததாக் கணக்குப் போட்டு லாபத்துக்கு வரி கட்டணும்."

"அப்ப வித்தாலும் வாங்குனாலும் லாபம் அவங்களுக்குத்தான்."

மூவரும் சிரித்தோம். அவர் வாங்காமலே கிளம்பிப் போனார். மதிப்பைக் குறைக்கச் சொல்லி மனுப் போடலாம் என்றார் ஆடிட்டர். கட்டட உரிமையாளர் அதுவரை பொறுக்கத் தயாராக இல்லை.

பாய் கடையைக் காலி செய்தார். ஊருக்குள் இருந்த வாடகை வீட்டையும் விட்டுவிட்டு, கம்பளி மூட்டைகளோடு சரிவுக்குக் குடிபோனார். போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். கூடத்தில் பாதி மூட்டைகள். கை கழுவக் குழாயைத் திருகினேன். காற்றுதான் வந்தது.

"அதுல என்னைக்கு மாப்ள வந்துச்சு? செத்த உக்காரு. தண்ணி லாரி வரட்டும், டீ போடச் சொல்றேன்."

மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்தேன். மேட்டில் ஒரு லாரி முனகும் சத்தம் கேட்டது. அது வேறு வீட்டுக்குப் போயிற்று.