சாமி அறைச் சுவரும் புது கமோடும்

இன்று ஒரு நல்ல மனிதரின் பிழைப்பில் மண்ணைப் போட்டேன். ஒரு கமோடுக்காக.

பம்மல் கடையில் அளவு பார்க்காமல் நான் வாங்கி வந்ததை, எங்கள் பிளம்பர் ஏழுமலை பொருத்தினார். அதன் ஃப்ளஷ் டேங்குக்கும் சுவருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி.

உடனே படமெடுத்து அபார்ட்மென்ட் குரூப்பில் போட்டேன்: "இந்த பிளம்பரைக் கூப்பிட்டு ஏமாறாதீர்கள்."

ஐந்தே நிமிடத்தில் மாடி வீட்டு அக்கா அவருக்கு போன் செய்து, நாளைக்கு வர வேண்டாம் என்றார்.

ஏழுமலை போனைப் பையில் வைத்தார். "இன்னா சார் நீ? பாத்ரூம் கட்டசொல்லோ, 'பின்னாடி சாமி ரூம் கீது, கமோடு பைப்பை அந்தச் செவுத்துலேர்ந்து தள்ளி வை'ன்னு சொன்னதே நீதானே?"

நானேதான்.

குரூப்பில் மன்னிப்பு எழுதினேன். கூசிக்கொண்டே படியேறிப் போய் அக்காவிடமும் சொன்னேன்.

"அவரை வரச் சொல்லுங்க. நீங்க மட்டும் கூட வந்துடாதீங்க சார்" என்றார்.

அந்த இடைவெளியை என்ன செய்யலாம், யாராவது சொல்லுங்கள்.

சாமியை ஹாலுக்கு மாற்றி மூன்று வருடமாகிறது. சுவருக்குப் பின்னால் இப்போது இருப்பது செருப்பு ஸ்டாண்டு.